பங்கு பிரியாத விளைச்சல்

புல்லும் பயறுவகைத் தீவனமும் ஒரே நிலத்தில் கலந்து வளரும்போது, இரண்டையும் தனித்தனியே வளர்த்தால் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. வேளாண் விஞ்ஞானிகள் பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. என் கேள்வி அந்தக் கூடுதலைப் பற்றியது. அதை விளைவித்தது யார்? புல்லா, பயறா, பயறின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிரா, மேய்ந்த மாடா, விதைத்தவரா, விதைத்தவருக்கு முன்பே அங்கே இருந்த மண்ணா? கேட்பதற்கு இது தீவனப்பயிர்த் துறையின் கேள்விபோல இருக்கும். ஆனால் சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் மனிதர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டு வருவதன் நடுவில் இருப்பது இதே கேள்விதான். ‘இது நான் உழைத்து உண்டாக்கியது, ஆகவே என்னுடையது’ என்று ஒருவர் சொல்லும்போது, பலர் கூடி உண்டாக்கிய ஒன்றில் தன் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதே நான் சொல்ல வருவது. அதைச் சோதித்துப் பார்க்கக் கலப்பு மேய்ச்சல் நிலத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே எல்லாவற்றையும் எடைபோட முடிகிறது. எடைபோட்ட பிறகும் பங்கு பிரிவதில்லை.

முதலில் லாபம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். வெப்பமண்டலப் புற்கள் வேகமாக வளர்பவை. வளர்ந்த வேகத்திலேயே முற்றியும் போகும். வறண்ட மாதங்களில் காய்ந்து நிற்கும் தாளில் புரதம் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குக் கீழே போனால், மாட்டின் முன்வயிற்றில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து (நைட்ரஜன்) போதாமல் போகிறது. தின்ற புல் செரிக்காமல் வயிற்றில் தங்குகிறது, மாடு தீனியைக் குறைக்கிறது, நிலம் நிறையப் புல் நின்றும் எடை குறைகிறது. பயறுவகைத் தழையிலோ அதே காலத்திலும் புரதம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருக்கும். அதில் கொஞ்சம் சேர்ந்தாலே நுண்ணுயிர்கள் பிழைத்துக்கொண்டு முற்றிய புல்லையும் செரிக்கத் தொடங்கும். இது வயிற்றுக்குள் நடப்பது. மண்ணுக்குள் நடப்பது வேறு. ஒரு டன் உலர்ந்த தழையை உண்டாக்கும்போது பயறுவகைச் செடி காற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தைப் பிடிக்கிறது என்பது பல ஆய்வுகளிலிருந்து திரண்ட பொதுக் கணக்கு. ஹெக்டேருக்கு 5 டன் தழை என்றால் 100 கிலோ தழைச்சத்து; யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் அது 217 கிலோ யூரியாவுக்குச் சமம். உரத் தொழிற்சாலை 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் காற்றழுத்தத்தைப்போல நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் கொடுத்துச் செய்கிற வேலையை, வேரில் மிளகளவுகூட இல்லாத ஒரு முடிச்சு மண்ணின் சூட்டிலேயே செய்துமுடிக்கிறது. தமிழ்நாட்டில் கம்பு நேப்பியர் புல் மூன்று வரிசைக்கு வேலிமசால் ஒரு வரிசை என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். இரண்டையும் சேர்த்து அறுத்துச் சேர்த்தே போடலாம். பால்மாட்டுக்குக் கலப்புத் தீவனம் வாங்கும் செலவில் ஒரு பகுதி மிஞ்சும்.

இனி அந்த முடிச்சைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வேரைத் தோண்டி எடுத்து ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேலை செய்கிற முடிச்சுக்கு அதுதான் அடையாளம். பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருவது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளக்கும் நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது, ஆனால் ஆக்ஸிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்ஸிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆக்ஸிஜனைப் பிடித்து அளவாக விடும் சிவப்புப் புரதத்தைச் செய்து தருவது செடி. அதற்கு வேண்டிய சர்க்கரையையும் செடிதான் இலையிலிருந்து அனுப்புகிறது. அப்படியானால் அந்த 100 கிலோ தழைச்சத்தை ‘பிடித்தது’ யார்? பாக்டீரியா என்றால் செடி இல்லாமல் அது நடக்காது. செடி என்றால் பாக்டீரியா இல்லாமல் நடக்காது. இவ்வளவு சிறிய இடத்தில், இரண்டே பேர் இருக்கும்போதே பங்கு பிரிக்க முடியவில்லை.

இங்கே அறிவியல் தெரிந்தவர் ஒருவர் குறுக்கிடலாம். நைட்ரஜனில் 15 என்ற நிறையெண் கொண்ட ஐசோடோப் இருக்கிறது. அதை மண்ணில் கலந்து, செடியில் எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்தால், காற்றிலிருந்து வந்தது எவ்வளவு, மண்ணிலிருந்து வந்தது எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லலாம். பயறிலிருந்து புல்லுக்குப் போனதையும் கணக்கிடலாம். உண்மைதான். உதிர்ந்த இலை, செத்த வேர், சாணம், மூத்திரம் என்று அது போகிற வழிகளையும் அளக்கலாம். ஆனால் அந்த அளவு சொல்வது பொருள் வந்த வழியை மட்டுமே. அதே ஐசோடோப் ஆய்வுகள் காட்டிய இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் பயறுவகைச் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை செலவழித்துக் காற்றிலிருந்து பிடிப்பதைவிட மண்ணில் இருப்பதை உறிஞ்சுவது அதற்குச் சுலபம். பக்கத்தில் புல் இருந்தால் அந்த நைட்ரேட்டைப் புல் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகிறது. பயறு தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து எடுக்க வேண்டியதாகிறது. தனியாக நின்ற பயறைவிடப் புல்லோடு நின்ற பயறில் காற்றிலிருந்து வந்த விகிதம் அதிகம் என்பது வெப்பமண்டலத்திலும் குளிர்நாடுகளிலும் திரும்பத் திரும்பக் கண்டது. பயறின் உழைப்பு என்று நாம் தனியே எழுதிவைத்த தொகைக்குள்ளேயே புல் ஒரு காரணமாக உட்கார்ந்திருக்கிறது. அணுவைக் குறியிட்டுத் தொடரலாம். காரணத்தைக் குறியிட்டுத் தொடர முடியாது.

கழித்துப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. பொருளாதாரம் பெரும்பாலும் நம்புவது அதையே. ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு கூடியதோ அவ்வளவும் அதன் பங்கு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: புல் மட்டும் உள்ள நிலத்தில் ஒரு காளை ஆண்டுக்கு 160 கிலோ எடை கூடுகிறது, பயறு மரத்தைச் சேர்த்தால் 280 கிலோ. பயறின் பங்கு 120 என்றாகிறது. இதையே மறுமுனையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். பயறு மட்டும் இருந்தால் மாடு ஒழுங்காகத் தேறாது, 50 கிலோதான் கூடும் என்று வைத்துக்கொண்டால், புல்லைச் சேர்த்ததால் வந்தது 230. இரண்டையும் கூட்டினால் 350. நிலத்தில் இருப்பதோ 280. இல்லாத 70 கிலோவை யாருக்கும் கொடுக்க முடியாது. எதை முதலில் வைக்கிறோம், எதைப் பிறகு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறினால், அந்தப் பங்கு நிலத்தில் இருந்ததல்ல, கணக்குப் போட்டவர் வரிசையில் இருந்தது. எல்லா வரிசைகளையும் எடுத்துச் சராசரி காணும் முறையை லாயிட் ஷேப்லி 1953-இல் தந்தார். அழகான முறை, கூட்டுச் செலவைப் பிரிக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் எல்லா வரிசைக்கும் சம மதிப்புத் தருவது நியாயம் என்று நாம் ஒப்புக்கொண்ட பிறகே அது வேலை செய்கிறது. நியாயத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதை உள்ளே வைத்தாயிற்று.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இல் இதை இரண்டே உவமையில் முடித்துவிட்டார்: துணியை வெட்டியதில் கத்தரிக்கோலின் எந்த அலகுக்குப் பங்கு அதிகம் என்று கேட்பதும், ஐந்தை ஆறால் பெருக்கி வந்த முப்பதில் ஐந்துக்கு எவ்வளவு, ஆறுக்கு எவ்வளவு என்று கேட்பதும் ஒன்று. இயற்கையும் உழைப்பும் சேர்ந்த உற்பத்தியைப் பற்றித்தான் அவர் அதைச் சொன்னார். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் பேட்ஸ் கிளார்க், சந்தை ஒவ்வொருவருக்கும் அவரவர் உண்டாக்கியதையே தருகிறது என்று நிறுவ முயன்றார். அமர்த்தியா சென் 1980-களில் அதை மறுத்தபோது மில் சொன்ன இடத்துக்கே திரும்பினார்: உற்பத்தி கூட்டாக நடக்கும்போது யார் எதை உண்டாக்கினார் என்ற கேள்விக்கே விடை இல்லை, கடைசி அலகைச் சேர்த்ததால் வந்த மாற்றத்தை அளக்கலாம், அது எதை எங்கே பயன்படுத்துவது என்று முடிவுசெய்ய உதவும், யாருக்கு எது உரியது என்று சொல்லாது. விவசாயி தன் நிலத்தில் இன்னொரு வரிசை வேலிமசால் போடலாமா என்று யோசிக்கும்போது அந்த அளவு அவருக்கு வேண்டும். அதே எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் நீதியின் தராசில் வைப்பதே தவறு.

நம் மரபில் இதற்கு உதவும் கருவிகள் இருந்தும் இந்தக் கேள்விக்கு அவற்றை யாரும் அதிகம் எடுத்ததில்லை என்பது எனக்கு வருத்தம். சைவ சித்தாந்தம் காரணங்களை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்றாக வகுக்கிறது. குடத்துக்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். உலகுக்கு இறைவன் நிமித்த காரணன் என்று நிறுவுவதற்காகச் செய்த வகுப்பு அது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மரபு காரணங்களின் வகையைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்வதில்லை. குடத்தில் குயவனுக்கு எத்தனை பங்கு, மண்ணுக்கு எத்தனை பங்கு என்று சித்தாந்தி கேட்பதில்லை, ஏனென்றால் மூன்றும் வேறுவேறு விதத்தில் முழுக் குடத்துக்கும் காரணம். பௌத்தம் இன்னும் ஓர் அடி மேலே போகிறது. மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிக்கும் பன்னிரு நிதானங்களில் ஒன்றும் தனித்து நிற்பதில்லை. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது. அந்தத் தத்துவம் துக்கத்தின் வேரைக் காட்டுவதற்காக எழுந்தது, பண்ணைக் கணக்குக்காக அல்ல என்பது தெரியும். ஆனாலும் ‘என்னால்’ என்ற எண்ணத்தைக் காரணங்களின் கோவைக்குள் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த மரபு, அந்த எண்ணத்தின்மேல் கட்டிய சொத்துரிமையைப் பற்றியும் நமக்குச் சொல்ல ஏதோ வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இந்தக் கோவையை ஒரே மேய்ச்சல் நிலத்தில் காணலாம். அங்கே கொழுக்கட்டைப் புல் வெளியில் சில மீட்டர் இடைவிட்டுச் சவுண்டல் வரிசைகள் நிற்கின்றன. நாம் சூபாபுல் என்றும் சொல்லும் அதே பயறுவகை மரம். மாடு எட்டும் உயரத்துக்கு அதை ஒடித்துவிடுகிறார்கள். நன்றாக அமைந்த நிலத்தில் ஒரு காளை ஆண்டுக்கு 250 முதல் 300 கிலோ வரை எடை கூடுகிறது. புல் மட்டும் இருந்தால் 200 கிலோவைத் தொடுவதே கடினம். ஒருமுறை வேரூன்றிவிட்டால் மரம் முப்பது ஆண்டுக்கு மேலும் நிற்கும். உலகில் கலப்பு மேய்ச்சலால் கிடைத்த பெரிய பொருளாதார வெற்றிகளில் இது ஒன்று. இப்போது அந்த நிலத்தில் இருப்பவர்களை விசாரிப்போம். கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் உரியது. 1870-களில் ஒட்டக ஓட்டிகளின் சேணத்துக்குள் திணித்த புல்லோடு விதை வந்து சேர்ந்தது என்பது அங்கே வழங்கும் வரலாறு. சவுண்டல் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தோன்றியது. அங்கத்திய மக்கள் அதன் இளங்காயையும் விதையையும் உணவாக்கி, வீட்டோரம் வளர்த்துக் காத்தார்கள். ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்ஸுக்குப் போய், அங்கிருந்து பரவியது. அதன் வேருக்கு ஏற்ற ரைசோபியம் பாக்டீரியா ஆஸ்திரேலிய மண்ணில் இல்லாததால் விதையோடு அதையும் கலந்து கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் சேர்ந்த பிறகும் மாடுகள் நோயில் விழுந்தன. சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. முன்வயிற்றில் அது வேறொரு பொருளாக மாறித் தைராய்டைக் கெடுக்கும். மயிர் உதிர்ந்தது, கழுத்து வீங்கியது, எடை நின்றது.

ஆர். ஜே. ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் இதே இலையைத் தின்று ஒன்றும் ஆகாமல் இருப்பதைக் கவனித்தார். அந்த ஆடுகளின் முன்வயிற்றில் நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்று ஊகித்து, 1980-களின் தொடக்கத்தில் அவற்றின் வயிற்று நீரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். ஊகம் பலித்தது. மந்தையில் சில மாடுகளின் வாயில் ஊற்றினால் போதும், மற்றவற்றுக்குத் தானே பரவியது. 1992-இல் அந்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள், தகுதியான மரியாதை. இப்போது கேட்கிறேன்: கூடிய நூற்றுச் சொச்சம் கிலோவில் ஹவாய் ஆட்டுக்கு எவ்வளவு? சவுண்டலைக் காத்த மெக்சிக விவசாயிக்கு எவ்வளவு? ஜோன்ஸுக்கும் அவருக்குச் சம்பளம் தந்த வரிசெலுத்துவோருக்கும் எவ்வளவு? இவர்களில் எவரை நீக்கினாலும் முழுக் கூடுதலும் போய்விடுகிறது. ஆகவே கழித்தல் முறைப்படி ஒவ்வொருவருக்கும் முழுவதும் சொந்தம். எல்லாருக்கும் முழுவதும் சொந்தமென்றால் அந்த முறையால் யாருக்கும் எதுவும் தீர்மானமாகவில்லை.

ஜான் லாக் 1689-இல் சொத்துரிமைக்கு உழைப்பை அடிப்படையாக வைத்தபோது, விளைபொருளின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, சரியாகப் பார்த்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு, உழைப்பால் வந்தது என்று எண் போட்டார். அந்த எண்ணை அவர் எங்கும் அளக்கவில்லை. தன் வாதத்துக்கு அவர் எடுத்த உதாரணங்களில் குதிரை மேய்ந்த புல்லும் உண்டு, வேலையாள் வெட்டிய புல்கரணையும் உண்டு. குதிரையின் மேய்ச்சலும் வேலையாளின் வெட்டும் உரிமையாளரின் உழைப்பாகவே கணக்கில் ஏறிவிடுகின்றன. பிறகு பேரரசுகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிலத்தைக் கைப்பற்றியபோது, உழாத நிலம் உடைமையாகாத நிலம் என்ற இந்தச் சிந்தனை அவற்றுக்கு வசதியாக இருந்தது. குவீன்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணைகளில் ஆதிக்குடி மக்கள் பல தலைமுறை வேலை செய்தார்கள். 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி அவர்கள் ஊதியத்தின்மேல் அரசுக்கு அதிகாரம் இருந்தது, கணிசமான பகுதி அவர்கள் கைக்கு வரவேயில்லை. அதற்காகத் தொடுத்த கூட்டு வழக்கை முடித்துக்கொள்ள மாநில அரசு 2019-இல் 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1996-இல், விக் மக்கள் தொடுத்த வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், அரசு தந்த மேய்ச்சல் குத்தகையால் மட்டுமே ஆதிக்குடிகளின் நில உரிமை அழிந்துவிடுவதில்லை, இரண்டும் ஒரே நிலத்தில் கூட நிலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது; மோதல் வந்தால் குத்தகையே மேலோங்கும் என்ற வரம்போடுதான். குறைபாடுள்ள தீர்ப்பு. ஆனாலும் ஒரு நிலத்தில் ஒருவருக்கே முழு உரிமை இருக்க முடியும் என்ற எண்ணத்தை அது விட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. விதைக்காரருக்கு விலை கொடுத்தாயிற்று, ஆளுக்குக் கூலி கொடுத்தாயிற்று, ஒப்பந்தம் முடிந்தது. மிச்சம் விவசாயிக்கு, இதில் தத்துவத்துக்கு என்ன வேலை? ஒப்பந்தத்தை நான் மதிக்கிறேன். கொடுத்த வாக்கு உரிமையை உண்டாக்கும். ஆனால் அப்படிச் சொல்பவர், ‘நான் உண்டாக்கினேன்’ என்ற வாதத்தை விட்டுவிட்டு, ‘நாங்கள் ஒப்புக்கொண்டோம்’ என்ற வேறொரு வாதத்துக்கு வந்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வாதத்துக்கு வேறு கேள்விகள் உண்டு: யார் ஒப்புக்கொண்டார்கள், மறுக்க அவர்களால் முடிந்ததா, ஒப்பந்தத்தின் மேசையில் யார் இல்லை? மெக்சிக விவசாயி இல்லை. ஊதியம் பிடிக்கப்பட்டவர் இருந்தும் இல்லை. பல்லுயிர் வளங்களின் பயனை நியாயமாகப் பகிர வேண்டும் என்று 2010-இல் நகோயா நெறிமுறை வந்தது ஓரளவு இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான், ஆனால் பழைய காலத்தில் கடல் கடந்த விதைகளுக்கு அது எட்டுவதில்லை. விலையும் சாட்சியாகாது. மேலே சொன்ன 217 கிலோ யூரியாவை இந்திய விவசாயி 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்கினால், பயறு செய்த வேலையின் மதிப்பு ஏறத்தாழ 1,290 ரூபாய். மானியம் இல்லாத விலையில் அதுவே பல மடங்கு. முடிச்சுக்குள் நடந்த வேலை மாறவில்லை. டில்லியில் எடுத்த முடிவு மாறினால் அதன் ‘பங்களிப்பு’ மாறுகிறது. வேலிமசால் போட்டால் லாபமில்லை என்று ஒரு விவசாயி சொல்லும்போது அவர் சொல்வது பெரும்பாலும் யூரியா மலிவு என்பதைத்தான்.

இன்னொரு மறுப்பு: பங்கு பிரிக்க முடியாது என்று சொன்னால் உழைக்கிறவனுக்கு ஊக்கம் போய்விடும். சவுண்டல் நிலைபெற ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். அதுவரை மாட்டை விடாமல், களையெடுத்து, மழையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பலன் இல்லையென்றால் யார் நடுவார்கள்? யாரும் நட மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். நட்டவருக்கு நல்ல பலன் கிடைக்க வேண்டும், கிடைக்கவும் காரணங்கள் இருக்கின்றன: அவர் துணிந்தார், பொறுத்தார், அவர் குடும்பம் அதை நம்பி இருக்கிறது, அவர் விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு நிலமே இருக்காது. இவை எல்லாம் உண்மையான உரிமைக் காரணங்கள். ‘இதை உண்டாக்கியது நான் ஒருவனே’ என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வராது. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம், ஆனால் விளைவு பெரிது. துணிவும் பொறுமையும் தேவையும் மற்றவர்களிடமும் இருப்பவை. புல் அறுக்கிற பெண்ணும் பொறுத்திருக்கிறாள், குத்தகைக்காரரும் துணிந்திருக்கிறார். ஆகவே பேச்சு ஒருவரோடு முடியாமல் எல்லாரையும் உள்ளே விடுகிறது. பிரிக்க முடியாது என்றால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை, வலுத்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது முடிவெடுத்தால் அது தலைகீழ். இயற்கை பங்கு பிரித்துத் தராததால்தான் மனிதர்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் எடுத்தவன் தன் செயலுக்கு நிலத்தையோ உழைப்பையோ சாட்சிக்கு அழைக்க முடியாது.

செடிகளைப் பார்த்து மனித நீதியைக் கற்கலாமா என்ற கேள்வியும் வரும். கற்கக் கூடாது என்பதே என் நிலை. புல்லும் பயறும் அன்போடு பகிர்ந்துகொள்கின்றன என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிழல்போட்டுப் பயறைக் கொல்லப் புல் தயங்காது; மண்ணில் தழைச்சத்து சேரச்சேரப் புல் வலுத்து, சேர்த்துக்கொடுத்த பயறையே ஒடுக்கிவிடுவதும் கலப்பு நிலங்களில் சகஜம். நான் எடுத்துக்கொண்டது அவற்றின் குணத்தை அல்ல, கணக்கை. பிரிக்க முடியாத கூட்டு விளைச்சல் என்ற ஒன்று இருக்கிறது என்று காட்ட ஒரு நல்ல உதாரணம் போதும். தொழிற்சாலையும் மருத்துவமனையும் மென்பொருள் நிறுவனமும் இதைவிடப் பின்னலானவை; அங்கே பிரிப்பது இன்னும் கடினமாகுமே தவிரச் சுலபமாகாது.

கூட்டு விளைச்சல் நன்மையில் மட்டும் இல்லை. சவுண்டல் வேலியைத் தாண்டி ஆற்றங்கரைகளில் அடர்ந்து களையாகிவிடுகிறது. கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பரவி, முன்பு தீ பிடிக்காத இடங்களில் கடும் தீயைக் கொண்டுவந்திருக்கிறது, அங்கத்திய செடிகளும் ஆதிக்குடிகளின் உணவுத் தாவரங்களும் அதில் அழிகின்றன. இங்கே மனிதர்கள் பேசும் பேச்சு மாறிவிடுகிறது. எடை கூடியது என் உழைப்பால். களை பரவியது இயற்கையால். ஒரே காரணக் கோவையிலிருந்து நன்மையை மட்டும் தன் பேரில் எழுதி, தீமையை ஊர்பேரில் எழுதுகிற கணக்கு எந்தத் தத்துவத்திலும் நிற்காது. சவுண்டல் வளர்க்கும் விவசாயிகள் தாங்களாகவே கூடி, ஆற்றோரம் நடுவதில்லை, வேலிக்கு வெளியே முளைத்ததை அகற்றுவது என்று நடத்தை நெறி வகுத்துக்கொண்டது நல்ல தொடக்கம். இந்தத் தீமை உன் மரத்தால் எவ்வளவு, என் மரத்தால் எவ்வளவு என்று கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை.

அதே கொழுக்கட்டைப் புல்தான் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டிலும் நிற்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே புல். வெள்வேலும் பயறுக் குடும்பம். புல் காய்ந்த காலத்தில் அதன் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் புரதம் தருகிறது. குவீன்ஸ்லாந்தில் விஞ்ஞானிகள் அமைத்த கூட்டை இங்கே பெயர் தெரியாத தலைமுறைகள் அமைத்துவைத்தன. அதன் உரிமையாளர் பட்டாவில் இருக்கிறார். அமைத்தவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. இரண்டு நிலத்துக்கும் பொதுவான ஒரு கடன் மட்டும் கிலோவில் அளக்கக்கூடியது. தழைச்சத்து காற்றிலிருந்து வந்துகொண்டிருக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) காற்றில் இல்லை. மாட்டின் உடல் எடையில் கிலோவுக்கு 7 முதல் 8 கிராம் வரை மணிச்சத்து. 500 கிலோ காளையை லாரியில் ஏற்றினால் மூன்றரை முதல் நான்கு கிலோ மணிச்சத்து நிலத்தை விட்டுப் போகிறது. குவீன்ஸ்லாந்தின் பழைய சவுண்டல் நிலங்களில் மணிச்சத்தும் கந்தகமும் குறைந்து, மரங்கள் சோர்ந்து, விளைச்சல் இறங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு உரம் எதற்கு என்று பல ஆண்டுகள் யாரும் எதுவும் போடவில்லை. முடிச்சுக்கு மணிச்சத்து போதாவிட்டால் காற்றிலிருந்து பிடிப்பதும் குறையும். பங்கு கேட்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், அந்த நான்கு கிலோவைத் திருப்பி மண்ணில் வைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் அவர்கள் பேசித் தீர்க்க முடியும்.